மீன் தொட்டியில் மணல்: ரவை அளவு, இரண்டு விரல் கனம்

மதுரைப் பக்கம் உயிரோடு அயிரை மீன் வாங்கி வந்தால், குழம்பு கூட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. மீனைப் பாத்திரத்தில் போட்டுப் பாலோ தேங்காய்ப் பாலோ ஊற்றி வைப்பார்கள். பாலைக் குடித்துவிட்டு வயிற்றில் இருக்கும் மண்ணைக் கக்கிவிடும் என்பது கணக்கு. அப்புறம் கல் உப்பு போட்டு உரசிக் கழுவுவார்கள். இத்தனையும் செய்த பிறகு ஒரு மணல் பல்லில் நறுக்கென்று கடிபட்டால், கழுவியவருக்குச் சாப்பாடு முடியும்வரை பேச்சு விழும்.

அந்த மண் அயிரையின் வயிற்றுக்குள் தவறிப்போய் நுழைந்ததில்லை. அதன் சாப்பாட்டு முறையே அதுதான். அடித்தரையை வாயால் அள்ளி, புழுவையும் பூச்சி முட்டையையும் மக்கிய துணுக்கையும் பிரித்துக்கொண்டு, மிச்சத்தைச் செவுள் வழியாக வெளியே விடும். பயந்தால் தலைகீழாக மணலுக்குள் பாய்ந்து மறையும். ஆரலும் அப்படித்தான், மூக்கு நுனி மட்டும் வெளியே தெரிய நாளெல்லாம் புதைந்து கிடக்கும். அலங்கார மீன் கடையில் வாங்குகிற தென்னமெரிக்கக் கோரிடோரஸுக்கும், பாம்புக்குட்டி மாதிரி நெளியும் தென்கிழக்காசியக் கூலி லோச்சுக்கும் இதே பழக்கம். இவற்றைக் கொண்டுபோய், நீலமும் ரோஸுமாகச் சாயம் பூசிய கல் பரப்பிய தொட்டியில் விடுகிறோம். கோரிடோரஸ் கல்லை முட்டி முட்டிப் பார்க்கும். அழுக்கு தங்கிய கூர்மையான கல்லில் வருடக்கணக்கில் வாழ்ந்தவற்றுக்கு மீசை தேய்ந்து குச்சியாகி நிற்பதைப் பார்க்கலாம்.

சரி, அப்படியென்றால் ஏன் கடைகளில் மணலை விடக் கல்லே அதிகம் விற்கிறது? மணல் போட்டால் கேஸ் பிடிக்கும், கறுத்துப் போகும், மோட்டார் அடைக்கும், சுத்தம் செய்ய முடியாது என்று நான்கு பயங்கள் இருக்கின்றன. இருபது வருடமாக மணல் தொட்டி வைத்திருப்பவன் என்கிற முறையில் சொல்கிறேன். இந்தப் பயங்களில் பெரும்பகுதி மணலைப் பற்றியது இல்லை, தப்பான மணலைத் தப்பான கனத்தில் கொட்டுவதைப் பற்றியது.

கல் எப்படி வந்தது என்பதற்கு ஒரு சின்னக் கதை இருக்கிறது. லண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850-இல் ஒரு சோதனையை எழுதி வெளியிட்டார். கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்க மீன், வாலிஸ்நேரியா என்கிற நீர்ச்செடி, அழுகும் இலைகளைத் தின்ன நத்தைகள். தண்ணீரை மாற்றாமலே மீனும் செடியும் நத்தையும் ஒன்றையொன்று வாழவைக்கும் என்று காட்டினார். இன்றைய வீட்டு மீன் தொட்டிக்கு அதுதான் முன்னோடி. அந்தப் பாத்திரத்தின் அடியில் அவர் போட்டிருந்தது மணலும் சேறும் சில கற்களும். ஆக, ஆரம்பத்தில் மணல்தான்.

பின்னால் இருபதாம் நூற்றாண்டில் 'அண்டர் கிராவல்' ஃபில்டர் பரவியது. தொட்டியின் அடியில் துளை போட்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதன்மேல் கல், மூலையில் ஒரு குழாய். குழாயில் காற்றுக்குமிழி ஏறும்போது தண்ணீர் கல் இடுக்குகள் வழியாகக் கீழே இழுபட்டு வடிகட்டப்படும். இதற்கு ஓரளவு பெரிய கல் கட்டாயம். மணலைப் போட்டால் துளையில் இறங்கும், இல்லையென்றால் இறுகி அடைத்துவிடும். இன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் ஸ்பாஞ்ச் ஃபில்டர், டாப் ஃபில்டர், தொங்கவிடும் ஃபில்டர் என்று வந்துவிட்டன. கல்லுக்கான தேவை போய்விட்டது, கடை அலமாரியில் கல் மட்டும் தங்கிவிட்டது. சென்னை கொளத்தூரில் மீன் கடைகள் வரிசைகட்டி நிற்கும் தெருக்களில் நடந்து பாருங்கள், கண்ணைப் பறிக்கிற பச்சைக் கல் மூட்டைகள் முதலில் தெரியும். மணல் கேட்டால் உள்ளேயிருந்து எடுத்து வருவார்கள்.

கல்லுக்கும் மணலுக்கும் உள்ள வித்தியாசம் இடுக்கில் இருக்கிறது. பொட்டுக்கடலை அளவுக் கல் என்றால், கற்களுக்கு நடுவில் தீவனம் விழும் அளவுக்குச் சந்து இருக்கும். மீன் தின்னாத தீவனமும் கழிவும் அதற்குள் போய் உட்கார்ந்து, மேலே பார்ப்பவருக்குத் தொட்டி பளிச்சென்று தெரியும். ஒருநாள் தொட்டித் தண்ணீரை உறிஞ்சி வாளிக்கு எடுக்கிற சைஃபன் குழாயைக் கல்லுக்குள் செருகிப் பாருங்கள், டீ டிகாக்ஷன் மாதிரி தண்ணீர் வரும். மணலில் அந்தச் சந்து கிடையாது. கழிவு மேலேயே கிடக்கும். பார்ப்பதற்கு அசிங்கமாக இருக்கும், ஆனால் எடுப்பதற்குச் சுலபம். "மணல் போட்டால் தொட்டி அழுக்காகிறது" என்று சொல்பவர்களுக்கு நான் சொல்லும் பதில், முன்பும் அவ்வளவு அழுக்கு இருந்தது, இப்போதுதான் உங்கள் கண்ணில் படுகிறது என்பதே.

தங்க மீன் வளர்ப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தங்க மீன் கெண்டைக் குடும்பம். நாள் முழுக்கத் தரையைக் கிளறி வாயில் போட்டுத் துப்பிக்கொண்டே இருக்கும். கடலை அளவுக் கல் அதன் தொண்டையில் சிக்கிக்கொள்வது அபூர்வமான விஷயம் இல்லை. மணலில் அந்த ஆபத்து இல்லை.

எந்த மணல்?

மணல் என்று புவியியலில் சொல்வது 2 மில்லிமீட்டருக்குக் கீழே, 0.06 மில்லிமீட்டருக்கு மேலே உள்ள துகள்களை. இந்த வரம்பு மிக அகலம். தொட்டிக்கு நமக்கு வேண்டியது நடுவில் ஒரு சின்னப் பகுதி: சுமார் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை. சமையலறைக் கணக்கில் சொன்னால் இன்னும் எளிது. மைதா மாதிரி இருந்தால் வேண்டாம். ஜவ்வரிசி மாதிரி இருந்தாலும் வேண்டாம். உப்புமா ரவை அளவு, அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே. மைதா அளவு மணல் இறுகிக் கட்டியாகும், சின்ன அசைவுக்கே கிளம்பி ஃபில்டருக்குள் போகும். ஜவ்வரிசி அளவு போனால் கல்லின் கதைதான் திரும்பவும்.

அளவோடு உருவமும் முக்கியம். ஆற்று மணல் பல மைல் உருண்டு வந்தது. முனைகள் மழுங்கியிருக்கும். கையில் அழுத்தித் தேய்த்தால் வழுக்கும். எம்-சாண்ட் அப்படியில்லை. குவாரியில் கருங்கல்லை இயந்திரத்தில் உடைத்து எடுப்பது. சிமெண்ட்டோடு பிடித்து நிற்பதற்கு அதன் கூரான முனைகள் நல்லதுதான், கோரிடோரஸின் மீசைக்கு நல்லதில்லை. அதோடு கல் தூள் ஏராளம். என் முதல் மணல் தொட்டி எம்-சாண்டில்தான் ஆரம்பித்தது. மணல் என்று கேட்டேன், மணல் என்று கொடுத்தார்கள், எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நான்கு முறை கழுவிவிட்டுப் போதும் என்று கொட்டினேன். மூன்று நாள் தொட்டி முழுக்கச் சாம்பல் நிறப் பால். உள்ளே மீன் இருக்கிறதா இல்லையா என்று டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

இந்தக் குழப்பம் நம் ஊருக்கே உரியது. தமிழ்நாட்டில் 2003-லிருந்து ஆற்று மணல் குவாரிகளை அரசே நடத்துகிறது. ஆறுகள் சுரண்டப்பட்டதும், வழக்குகளும், தட்டுப்பாடும், விலையும் சேர்ந்து கட்டுமானத்தை எம்-சாண்ட் பக்கம் தள்ளிவிட்டன. இன்றைக்கு ஹார்டுவேர் கடையிலோ கட்டட வேலை நடக்கும் இடத்திலோ மணல் கேட்டால் பெரும்பாலும் வருவது உடைத்த கல்தான். பூச்சு வேலைக்கான பி-சாண்ட் அதைவிடப் பொடி. ஆற்றில் போய் நாமே அள்ளுவது சட்டப்படி குற்றம், ஒரு வாளியாக இருந்தாலும். அப்புறம், கட்டட வேலை நடக்கும் இடத்தில் பழைய ஆற்று மணல் குவியல் கிடைத்தாலும் அதில் சிமெண்ட் கலந்திருக்கலாம். சிமெண்ட் தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும்.

நான் இப்போது வாங்குவது போர்வெல் தண்ணீர் ஃபில்டர்களுக்குள் போடுகிற மணல். வீட்டு மொட்டை மாடியில் இரும்புச்சத்து எடுக்க நிற்குமே ஒரு நீலச் சிலிண்டர், அதற்குள் இருப்பது. குவார்ட்ஸ் மணல், அளவு வாரியாகச் சலித்து மூட்டையாக விற்பார்கள். தூள் குறைவு, விலையும் மீன் கடைப் பாக்கெட்டோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அடியில் போடும் கூழாங்கல்லைக் கொடுத்துவிடாமல் மெல்லிய ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கடையில் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள், ரவை ஞாபகம் வந்தால் சரி.

கடற்கரை மணல் வேண்டாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். உப்பு ஒரு காரணமே இல்லை, கழுவினால் போய்விடும். பிரச்சினை சிப்பித் துகள். சிப்பி என்பது கால்சியம் கார்பனேட், மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையையும், அமில-காரத் தன்மையைச் சொல்லும் பி.எச். அளவையும் ஏற்றும். ஆப்பிரிக்க ஏரிகளிலிருந்து வந்த சிக்லிட் மீன்களுக்கு அது நல்லதே. கப்பி, மோலி பொறுத்துக்கொள்ளும். டிஸ்கஸ், நியான் டெட்ரா போன்ற மென்னீர் மீன்களுக்கு ஆகாது. பவளத் துண்டுகளைக் கரையில் பொறுக்கிப் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது, தொடவே வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுப்பு மணலும் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். இல்மனைட், கார்னெட், மோனசைட் என்கிற கனிமங்கள் கலந்தது, மோனசைட்டில் கதிரியக்கம் உள்ள தோரியம் உண்டு. அணுசக்திக்காக அரசு எடுத்துப் பிரிக்கிற மணலைக் கப்பி மீனுக்குப் பரப்ப வேண்டிய அவசியம் இல்லை.

வாங்கிய மணலைச் சோதிக்க இரண்டு எளிய வழிகள். கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு மணல், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி வைத்துவிட்டுக் கவனியுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளியத் தொடங்கினால் நல்ல மணல். மணிக்கணக்கில் பால் மாதிரி நின்றால் தூள் அதிகம். இரண்டாவது, உலர்ந்த மணலில் கொஞ்சம் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு விட்டுக் காதருகே பிடித்துப் பார்ப்பது. நுரைத்தால், சத்தம் கேட்டால், சுண்ணாம்பு இருக்கிறது. நம் கடை வினிகர் பலம் குறைந்தது, அதனால் அவசரப்படாமல் ஒரு நிமிடம் பொறுங்கள்.

எவ்வளவு மணல்? உலர்ந்த மணல் லிட்டருக்குச் சுமார் 1.6 கிலோ எடை. இரண்டடி நீளம், ஓரடி அகலத் தொட்டிக்கு 3 சென்டிமீட்டர் கனம் பரப்ப 5.4 லிட்டர், அதாவது எட்டரை கிலோ சொச்சம். மூன்றடிக்கு ஒன்றரை அடி என்றால் 12 லிட்டர், கிட்டத்தட்ட 19 கிலோ. இரண்டு விரலைப் படுக்கவைத்த கனம் என்று நினைவில் வைத்தால் போதும். நான்கைந்து விரல் போடுகிறவர்கள் வேண்டாத இரண்டு காரியம் செய்கிறார்கள்: ஸ்டாண்டின்மேல் பாரத்தை ஏற்றுகிறார்கள், அடியில் காற்றுப் போகாத ஓர் அடுக்கை உண்டாக்குகிறார்கள். அந்த அடுக்கைப் பற்றித்தான் அடுத்துப் பேச வேண்டும்.

அதற்கு முன்னால் கழுவும் வேலை. அரை வாளிக்கு மேல் மணல் போடாதீர்கள். ஹோஸ் குழாயை வாளியின் அடிவரை விட்டு, கையால் கிளறிக்கொண்டே தண்ணீர் வழிய விடுங்கள். பத்துப் பதினைந்து முறை ஆகும். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வந்தால் போதாது, குடிக்கலாம் போல வரவேண்டும். வழிகிற தண்ணீரைச் சாக்கடைத் துளையில் விடாதீர்கள், தூள் போய் அடைத்துவிடும். செடிக்கு விடலாம். தொட்டியில் கல், மரக்கட்டை வைப்பதாக இருந்தால் அவற்றை முதலில் அடிக் கண்ணாடியில் மெல்லிய தெர்மாகோலோ ரப்பரோ விரித்து வைத்துவிட்டு, பிறகு சுற்றிலும் மணல் போடுங்கள். மணல்மேல் வைத்த கல்லை, தோண்டுகிற மீன் ஒருநாள் சாய்த்துவிடும். கடைசியாக, மணல்மேல் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் கலங்காது.

கறுப்பு வரும்போது

போன வருடம் என் அக்கா மகனிடமிருந்து ஓர் இரவு போன்.

"மாமா, மணல் கீழ கறுத்துப் போச்சு. கேஸ்னு சொல்றாங்க. எல்லாத்தையும் கிளறி அள்ளிடவா?"

"மீன் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்குதா?"

"இல்ல மாமா, நல்லாத்தான் சுத்துது."

"அப்போ கையை வெளியே எடு. நாளைக்குப் பேசுவோம்."

அவன் கையை எடுத்தது நல்லது. ஏன் என்பதற்கு மணலுக்குள் நடக்கிற பந்தியைப் பார்க்க வேண்டும்.

தீவனம், கழிவு, உதிர்ந்த இலை எல்லாவற்றையும் நுண்ணுயிர்கள் மக்கச் செய்கின்றன. அதற்கு அவற்றுக்குச் சுவாசிக்க ஏதாவது வேண்டும். முதல் பந்தியில் பரிமாறப்படுவது ஆக்ஸிஜன். மணலின் மேல் பகுதியில் தண்ணீரிலிருந்து அது இறங்கிக்கொண்டே இருக்கும். இங்கேதான் மீன் விடுகிற அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களும் குடியிருக்கும். (நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்றுதான் பழைய கையேடுகள் எல்லாம் சொல்லும். மீன் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்பவை நைட்ரோஸ்பைரா வகை என்று ஆய்வாளர் டிமோதி ஹோவானெக் குழுவினர் 1998-இல் காட்டினார்கள்.) மெல்லிய மணலில் ஆக்ஸிஜன் மிக ஆழம் போகாது. அழுக்கு அதிகமாக இருந்தால் சில மில்லிமீட்டரிலேயே தீர்ந்துவிடும், சுத்தமாக, கொஞ்சம் கரடாக இருந்தால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் போகும்.

அதற்குக் கீழே இரண்டாம் பந்தி. ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டையே சுவாசித்து அதை நைட்ரஜன் வாயுவாக்கி விடும். இது நமக்கு லாபம். நைட்ரேட்டை வெளியேற்றத்தானே வாராவாரம் தண்ணீர் மாற்றுகிறோம். கடல் மீன் தொட்டிக்காரர்கள் இந்த வேலைக்காகவே வேண்டுமென்றே ஆழமாக மணல் போடுவதுண்டு. மணலைக் குச்சியால் குத்தினால் எழும் குமிழிகளில் பல இந்த நைட்ரஜனும் கார்பன்டைஆக்சைடும்தான். குமிழியைப் பார்த்ததும் விஷவாயு என்று ஓட வேண்டியதில்லை.

நைட்ரேட்டும் தீர்ந்தபின் மாங்கனீசு, இரும்பு. கடைசிப் பந்திக்குச் சல்ஃபேட். அதைச் சுவாசிக்கிற பாக்டீரியாக்கள் விடுவதுதான் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகிய முட்டை நாற்றத்துக்குச் சொந்தக்காரர். மீனுக்கு அது கடும் விஷம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது மணலிலிருந்து மேலே வரும் வழியில் இரண்டு காவல்கள் உண்டு. மணலில் இரும்பு இருந்தால் அதோடு சேர்ந்து இரும்புச் சல்ஃபைடாகிவிடும். நீங்கள் பார்க்கிற கறுப்பு நிறம் அதுதான். அதாவது கறுப்பு என்பது, உருவான சல்ஃபைடு இரும்பிடம் மாட்டிக்கொண்டது என்பதற்கான அடையாளம். தப்பி மேலே வருவது, ஆக்ஸிஜன் உள்ள மேல்மணலையும் தண்ணீரையும் தொட்டதும் ஆக்ஸிகரணம் அடைந்து, அதாவது ஆக்ஸிஜனோடு சேர்ந்து, சல்ஃபேட்டாகத் திரும்பும். தண்ணீரின் பி.எச். அளவுக்கும் இதில் பங்குண்டு. பி.எச். 7-இல் கரைந்த சல்ஃபைடில் ஏறக்குறையப் பாதிதான் விஷ வடிவில் இருக்கும், 8-இல் பத்தில் ஒரு பங்குதான். நம் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் 7-க்கு மேலே நிற்பதால் அந்த விதத்தில் அதிர்ஷ்டம்.

அப்படியானால் கறுத்த மணலால் ஆபத்தே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் நம் கையால் வருகிறது. ஆறு மாதம் தொடாமல் விட்ட ஆழமான மணலை, பயந்துபோய் ஒரே நாளில் அடிவரை உழுதால், அங்கே தேங்கியிருந்த சல்ஃபைடு, அமோனியா, அரைகுறையாக மக்கிய கழிவு எல்லாம் ஒரே சமயத்தில் தண்ணீருக்கு வரும். அவை ஆக்ஸிகரணம் ஆவதற்குத் தண்ணீரில் இருக்கிற ஆக்ஸிஜனைப் பறிக்கும். மறுநாள் காலை மீன் மிதக்கும், "பார்த்தியா, மணல் கேஸ் கொன்னுடுச்சு" என்ற பேச்சு ஊரெல்லாம் பரவும்.

எனவே அக்கா மகனுக்குச் சொன்னது இதுதான். முதலில் முகர்ந்து பார். கறுத்த இடத்திலிருந்து ஒரு கரண்டி மணலை மெதுவாக எடு. மண்வாசனை அடித்தால் விட்டுவிடு. முட்டை நாற்றம் அடித்தால் அந்த மணலை வாரத்துக்குக் கால் பங்கு என்று, தண்ணீர் மாற்றும்போதே சைஃபன் குழாயை நேராக மணலுக்குள் விட்டு உறிஞ்சி வெளியேற்று. அப்படி உறிஞ்சினால் அடியில் இருப்பது தொட்டித் தண்ணீரில் கலக்காமல் நேராக வாளிக்குப் போகும். ஒரு மாதத்தில் முடிந்தது. அவன் தொட்டியில் மணல் ஆறு விரல் கனம் இருந்தது, அப்புறம்தான் சொன்னான்.

இன்னொன்று, கண்ணாடி ஓரமாக மணலுக்குக் கீழே தெரிகிற கரும்பச்சைப் பட்டை எல்லாம் சல்ஃபைடு இல்லை. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுவதால் அங்கே வளரும் பாசி. வெளியே மணல் உயரத்துக்குக் கறுப்பு டேப் ஒட்டினால் போய்விடும்.

வாராந்தர வேலை

இது எதிர்பார்ப்பதை விடக் குறைவு. சைஃபன் குழாயை மணலில் குத்தக் கூடாது. ஒரு விரல் உயரத்தில் பிடித்து, வட்டமாக லேசாகச் சுழற்றினால் கழிவு எழும்பிக் குழாய்க்குள் போகும், கனமான மணல் கீழே தங்கிவிடும். மணலும் ஏறுகிறது என்றால் குழாயின் மறுமுனையை விரலால் ஒரு நொடி அழுத்திப் பிடியுங்கள், விழுந்துவிடும். கால் பங்குத் தண்ணீர் வெளியேறுவதற்குள் தரை சுத்தமாகியிருக்கும். மாதத்துக்கு ஒருமுறை, ஒரு குச்சியையோ விரலையோ மேல் ஒரு சென்டிமீட்டர் மட்டும் ஓட்டலாம். அதையும் தொட்டி முழுக்க ஒரே நாளில் செய்யாமல் மூன்றில் ஒரு பகுதியாகச் செய்வது என் வழக்கம். அப்போது ஃபில்டரை நிறுத்திவிடுங்கள். மோட்டாரின் சுழலிக்குள் மணல் போனால் கரகரவென்று சத்தம் வரும், சில வாரத்தில் தேய்ந்து நின்றுவிடும். ஃபில்டரின் உறிஞ்சும் வாயை மணலிலிருந்து நான்கு விரலாவது தள்ளி வையுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு இந்தத் தொல்லை இல்லை.

கண்ணாடி துடைக்கும் காந்தத்தை மணல் வரை கொண்டுபோகாதீர்கள். ஒரு துகள் நடுவில் மாட்டினால் போதும், குவார்ட்ஸ் கண்ணாடியை விடக் கடினம். என் மூன்றடித் தொட்டியில் இடது மூலையில் ஒரு கோடு இருக்கிறது. மீன்கள் எத்தனையோ முறை மாறிவிட்டன, கோடு அப்படியே இருக்கிறது.

கிளறும் வேலையைச் சம்பளமில்லாமல் செய்ய ஓர் ஆள் உண்டு. மலேசியன் டிரம்பெட் நத்தை என்பார்கள், பேர்தான் மலேசியா, நம் குளம் வாய்க்கால்களிலும் தாராளமாக இருக்கும். திருகாணி போல நீளமான ஓடு. பகலில் மணலுக்குள் ஊர்ந்து கீழே போன தீவனத்தைத் தின்னும், விளக்கை அணைத்தபின் மேலே வரும். இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் எத்தனை என்று தெரியும். குட்டி போடுகிற நத்தை, ஒன்றே போதும் பெருகுவதற்கு, ஆண் துணைகூட வேண்டாம். அளவுக்கு மீறிப் பெருகியிருந்தால் நத்தையைத் திட்டாதீர்கள், நீங்கள் போடும் தீவனம்தான் அதிகம். காலையில் அத்தனை நத்தையும் மேலே ஏறி நீர்மட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் தண்ணீரைக் கவனியுங்கள். ஆக்ஸிஜன் குறைந்திருக்கலாம்.

நம் ஊர்க் கோடையில் இந்தக் கடைசி விஷயம் முக்கியம். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் ஏழரைதான். அதே சூட்டில் நுண்ணுயிர்களின் பசி கூடும். இரவில் மின்சாரம் போய் ஏர் பம்பும் நின்றால், மீனும் மணலும் ஒரே ஆக்ஸிஜனுக்குப் போட்டி போடும். கொஞ்சமாக மணல் போடச் சொல்வதற்கு இது எனக்குப் பெரிய காரணம். ஏப்ரல், மே மாதங்களில் தீவனத்தைக் குறைத்து, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வைத்துவிடுவேன்.

புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் மணல்மேல் காப்பிப்பொடி தூவியது போல ஒரு படலம் வரும். டயாட்டம் என்கிற நுண்பாசி. சிலிக்கா மணல் போட்டதால்தான் வந்தது என்று பலர் மணலையே மாற்றுகிறார்கள். குவார்ட்ஸ் மிக மிக மெதுவாகத்தான் கரையும். டயாட்டம் ஓடு கட்டத் தேவையான சிலிக்கா பெரும்பாலும் குழாய்த் தண்ணீரிலேயே கரைந்து வருகிறது, பாறை நிலத்தடி நீரில் தாராளம். சைஃபனில் உறிஞ்சிவிட்டுக் காத்திருந்தால் தானே அடங்கும்.

செடிக்கு மணல் வெறும் பிடிமானம். சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தன்மை களிமண்ணுக்கு உண்டு, குவார்ட்ஸ் மணலுக்கு அநேகமாக இல்லை. வாலிஸ்நேரியா, கிரிப்டோகொரைன் போன்று வேரால் உண்பவற்றுக்கு வேரருகில் உர மாத்திரை செருக வேண்டும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் கட்டையில் கட்டி விட்டால் போதும், மணலில் புதைத்தால் அழுகும். வேரோடிய இடத்தில் மணல் கறுப்பதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன். வேர்கள் கீழே ஆக்ஸிஜனைக் கசியவிடுகின்றன.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளை மணல் முதல் வாரம் பளபளக்கும், அப்புறம் ஒவ்வொரு கழிவும் எழுத்துப்போல் தெரியும். மீன்களும் வெளிறிப்போகும். பளிச்சென்ற தரையில் பல மீன்கள் தங்கள் செல்களுக்குள் இருக்கும் நிறமியை நடுவில் ஒரே இடத்தில் குவித்துக்கொள்ளும். பழுப்பு மணலில் அதே மீனுக்கு நிறம் ஏறும்.

கடைசியாக, சைஃபனில் உறிஞ்சி எடுத்த அந்தக் கறுப்பு மணல். வாளியோடு குப்பையில் கொட்டாதீர்கள். தண்ணீரை வடித்துவிட்டு மொட்டை மாடியில் சாக்கு விரித்துப் பரப்புங்கள். நாற்றம் அன்றைக்கே குறையும். காற்றுப் பட்டு இரும்புச் சல்ஃபைடு துருவாக மாற, ஓரிரு நாளில் கறுப்பு வெளுத்துப் பழைய பழுப்புக்கு வந்துவிடும். அலசினால் மறுபடி தொட்டிக்கே போடலாம். என் வீட்டில் அதற்குள் மல்லிச் செடித் தொட்டிக்குப் போய்விடுகிறது.